வீட்டு ஆணியில் இடம் பிடிப்பது எப்படி? சிறு கடைகளுக்கான காலண்டர், துணிப்பை விளம்பர வழிகாட்டி

டிசம்பர் கடைசி வாரத்தில் எந்த மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கல்லாவுக்கு முன்னால் ஒரு கேள்வி காதில் விழும்: "அண்ணாச்சி, காலண்டர் வந்திருச்சா?" கிடைக்காவிட்டால் முகம் சுருங்கும். கடையின் விளம்பரத்தை வாடிக்கையாளரே கேட்டு வாங்கி, சுருட்டிக் கக்கத்தில் வைத்து, வீட்டில் ஆணி அடித்து மாட்டுகிறார். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய ஆஃபர் படத்தை யாராவது இப்படிக் கேட்டு வாங்கியதுண்டா?

செல்போன் விளம்பரம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். நாளைக்குக் காலை புது மீன் வருகிறது என்று சொல்ல வாட்ஸ்அப்பை விட நல்ல வழி கிடையாது. ஆனால் அந்தச் செய்தி மறுநாள் செத்துவிடும். வருடம் முழுக்க ஒரு வீட்டுக்குள் இருக்க வேண்டுமென்றால் கையில் பிடிக்கிற ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருளும் விளம்பரமாக இருப்பதால் தங்காது, வீட்டுக்குப் பயன்படுவதால்தான் தங்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரும் படிகளில் பாதியை நீங்களே யூகித்துவிடுவீர்கள்.

ஒரே ஊரில், சில நூறு முதல் இரண்டாயிரம் வாடிக்கையாளர்கள் வரை வைத்திருக்கும் கடைகளை நினைத்து இதை எழுதுகிறேன்.

முதலில்: எதைத் தாளில் கொடுப்பது, எதைப் போனில் விடுவது

வீட்டுச் சாமான் விற்கும் இகேயா நிறுவனம் 1951 முதல் அச்சடித்து வந்த தன் புகழ்பெற்ற கேட்டலாக்கை (பொருள் பட்டியல் புத்தகத்தை) நிறுத்துவதாக 2020 டிசம்பரில் அறிவித்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2018-ல், இணையத்திலேயே வளர்ந்த அமேசான் அமெரிக்காவில் பொம்மைகளுக்கு ஒரு கேட்டலாக்கை அச்சடித்து வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. பார்க்க முரண்பாடாகத் தெரியும். யோசித்துப் பார்த்தால் இல்லை. விலை மாறிக்கொண்டே இருக்கும் ஆயிரக்கணக்கான சாமான்களின் பட்டியலுக்குப் போன் திரைதான் சரியான இடம். ஒரு குழந்தை குப்புறப் படுத்துக்கொண்டு, பேனாவால் வட்டம் போட்டு, "இதுதான் வேணும்" என்று அம்மாவிடம் நீட்டுவதற்குத் தாள்தான் வேண்டும்.

ஆகவே விலை, சரக்கு இருப்பு, இன்றைய சலுகை எல்லாம் போனில். தொடுவது, எழுதுவது, கிழிப்பது, தூக்கிக்கொண்டு போவது எல்லாம் கையில்.

தொடுவதற்கு ஒரு தனி வேலை இருக்கிறது. ஜோஆன் பெக், சூசேன் ஷூ என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பொருளை வெறுமனே தொட்டுப் பார்த்தவர்களுக்கே அது தன்னுடையது என்ற உணர்வு கூடுகிறது என்று காட்டினார்கள். நம் ஊர் ஜவுளிக்கடை விற்பனையாளருக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். சேலையைப் பிரித்து மடியில் போட்டு, "கையில எடுத்துப் பாருங்கம்மா" என்பார். எடுத்தவர் வைப்பது கஷ்டம்.

படி 1: பட்டியல்

பொருளைப் பற்றி யோசிக்கும் முன்னால் ஆட்களின் பட்டியல். பில் போடும் மென்பொருளில் இருக்கும் எண்கள், கடன் நோட்டு, டெலிவரி போகும் வீடுகள், எதிலிருந்து வேண்டுமானாலும் எடுங்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்களை மட்டும் வையுங்கள். தெருவில் போகிற எல்லோருக்கும் கொடுப்பது நோட்டீஸின் வேலை, அது வேறு கணக்கு. பட்டியலுக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து ஆர்டர் போடுங்கள். நீங்கள் மறந்துவிட்ட ஒருவர் கட்டாயம் வந்து கேட்பார். அவருக்கு இல்லையென்று சொன்னால், மற்றவர்களுக்குக் கொடுத்ததில் வந்த நல்ல பெயரும் கொஞ்சம் குறையும்.

படி 2: பொருள்

ஒரே ஒரு கேள்வி: இதில் என் கடைப் பெயர் இல்லாவிட்டால், அவர் காசு கொடுத்து வாங்கக்கூடிய பொருளா? சாவிக்கொத்து, மட்டமான பேனா, ஃபோம் பந்து எல்லாம் இந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

தொழிலுக்குத் தகுந்த பொருள் என்று ஒன்று நம் ஊரில் ஏற்கெனவே பழகி இருக்கிறது. ஜவுளிக்கடைக்குக் கட்டைப்பை. தீபாவளிக்கு வாங்கிய துணியோடு வந்த பை அடுத்தடுத்த வருடங்களில் ஊருக்குப் போகிற பேருந்துகளில் எல்லாம் ஏறி இறங்கும். நகைக்கடைக்குச் சின்ன பர்ஸ். மளிகை, மருந்து, ஹார்டுவேர் கடைகளுக்குக் காலண்டர். இதை உடைத்துப் புதுமை செய்கிறேன் என்று கிளம்புவதை விட, பழகிய பொருளையே மற்றவர்களை விட ஒரு படி நன்றாகச் செய்வது லாபம்.

போர்வெல் போடுகிறவர், வாழ்நாளில் ஒருமுறை தேவைப்படும் சேவை தருகிறவர் போன்றோருக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அவர்கள் கூகுள் மேப்பில் தங்கள் பெயரைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும்.

படி 3: தினசரியா, மாதக் காலண்டரா

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்கு இலவசமாக நாலைந்து காலண்டர் வரும். ஹாலில் ஆணி ஒன்றோ இரண்டோதான். மீதி பரணுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். உங்கள் போட்டி எதிர்க்கடையோடு இல்லை, அந்த ஆணியில் தொங்கப்போகும் மற்ற காலண்டர்களோடு.

தினசரிக் காலண்டரின் பலம் கிழிப்பது. தினமும் காலையில் யாரோ ஒருவர், பெரும்பாலும் வீட்டுப் பெரியவரோ கடைக்குட்டியோ, அதன் முன்னால் நின்று தாளைக் கிழிக்கிறார். நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, ராசிபலன் பார்க்கிறார். திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது என்று மனப்பாடமாகத் தெரிந்தவரும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். வருடத்தில் 365 முறை உங்கள் கடைப் பெயருக்கு அரை அடி தூரத்தில் ஒரு கை வந்து போகிறது. எந்தச் செயலிக்கும் இந்த வருகைப்பதிவு கிடைக்காது.

மாதக் காலண்டரின் பலம் எழுதுவது. பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி, சீட்டுப் பணம் கட்டும் நாள், மாத்திரை தீரும் நாள் எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள் போகும். அதனால் கட்டத்துக்குள் வெள்ளை இடம் விடுங்கள். மூலைக்கு மூலை பூ வரைந்து நிரப்பாதீர்கள். முக்கியமாக, பளபளப்பான ஆர்ட் பேப்பர் வேண்டாம். அதில் பால்பாயிண்ட் பேனா வழுக்கும், இங்க் பேனா தீற்றும். பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் எழுத்து நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. பல கடைக்காரர்கள் பளபளப்பு வேண்டுமென்று அதிகக் காசு கொடுத்து, காலண்டரின் பயனைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

மருந்துக் கடைக்கும் பால், மளிகைக்கும் மாதக் காலண்டரைத்தான் சொல்வேன். பெரியவர்கள் அதிகம் வருகிற கடை, கோயில் பக்கத்துக் கடை என்றால் தினசரி.

தினசரி எடுத்தால் எந்தப் பஞ்சாங்கம் என்று கேளுங்கள். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கங்களும் திதி நேரத்தில் வேறுபடும். விரத நாள் ஒரு நாள் தள்ளிப்போனால் ஜனவரியிலேயே உங்களிடம் வந்து கேட்பார்கள். இஸ்லாமிய, கிறிஸ்தவ வாடிக்கையாளர்கள் கணிசமாக இருந்தால் அவர்களுக்கென்று தனியாக வரும் காலண்டர்களில் தேவையான அளவு எடுங்கள். எல்லோருக்கும் ஒரே சாமி படத்தைக் கொடுத்தால், வாங்கிக்கொள்வார்கள், மாட்டமாட்டார்கள்.

படி 4: ஆடியில் தொடங்க வேண்டும்

இந்தியாவில் காலண்டர் என்றால் சிவகாசி. 1920-களில் அங்கே தீப்பெட்டித் தொழில் வந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு உறை வேண்டும், அந்தத் தேவையில்தான் அச்சுத்தொழில் ஊன்றியது. விளம்பரப் பொருளை அச்சடிப்பதே அந்த ஊர் அச்சகங்களின் பிறவிக்குணம் என்று சொல்லலாம்.

ஒவ்வொரு வருடமும் ஆடிப்பெருக்கு அன்று, அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3 வாக்கில், அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை அங்கே வெளியிடுவது வழக்கம். ஏஜென்டுகள் அந்த ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வருவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஆர்டர் கொடுத்தால் படம் தேர்ந்தெடுக்க வாய்ப்பு அதிகம். தீபாவளிக்குப் பிறகு போனால் மீந்திருக்கும் படத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். டிசம்பரில் போனால் நீங்கள் சொல்வதை யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

வாங்க இரண்டு வழி. ஒன்று ரெடிமேட்: படமும் தேதியும் பொதுவாக அச்சாகி, கீழே இடம் காலியாக இருக்கும், அதில் உங்கள் பெயரை மட்டும் அடித்துத் தருவார்கள். நூறு, இருநூறு வேண்டுமென்றால் இதுதான் வழி. இன்னொன்று முழுக்க உங்கள் டிசைன். இதற்கு எண்ணிக்கை அதிகம் வேண்டும். ஆஃப்செட் அச்சில் நாலு நிறத்துக்கும் நாலு பிளேட் போட்டு மெஷினைத் தயார் செய்யும் செலவு, நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். அதனால்தான் குறைந்த எண்ணிக்கைக்கு ஒன்றின் விலை எகிறும்.

படி 5: என்ன எழுதுவது, என்ன படம்

கடைப் பெயர், என்ன கடை, தெரு அடையாளம், ஒரே ஒரு போன் எண். முடிந்தது. நிறுவனர் படம், வாரிசுகள் படம், "தரம் எங்கள் தாரக மந்திரம்" எல்லாம் கடைக்காரருக்குத்தான் மகிழ்ச்சி. வாடிக்கையாளருக்கு வேண்டியது தேதி, அது எட்டடி தூரத்திலிருந்து கண்ணாடி போடாமல் தெரிய வேண்டும். காலண்டரில் மிகப் பெரியது தேதியாக இருக்கட்டும், இரண்டாவதாக உங்கள் எண்.

கட்டத்தில் சின்னச் சின்ன உபகாரங்கள் சேர்க்கலாம். ஹார்டுவேர் கடையா? வருடத்தில் இரண்டு மாதத்தில் "தண்ணீர்த் தொட்டி கழுவுங்கள்" என்று ஒரு வரி. மருந்துக் கடையென்றால் அரசு மருத்துவமனை எண், ஆம்புலன்ஸுக்கு 108. இந்த வரிகளுக்காகவே உங்கள் காலண்டர் மாட்டப்படலாம்.

படத்தில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1950-ஆம் வருடச் சின்னங்கள், பெயர்கள் தவறான பயன்பாட்டுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் காந்தி, நேரு ஆகியோரின் படங்களை வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடை உண்டு. காலண்டருக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் தயாரித்தவர், அச்சிட்டவர் பெயர் மட்டும் இருக்கும், பொருளை விளம்பரம் செய்யாத காலண்டருக்குத்தான் அது. உங்கள் கடை விளம்பரக் காலண்டருக்கு இல்லை. தேசியக் கொடியையும் அரசுச் சின்னங்களையும் தொடாதீர்கள். அனுமதியில்லாமல் நடிகர் படமும் வேண்டாம். இயற்கைக் காட்சி, குழந்தை, கோலம், உங்கள் ஊர்க் கோபுரம் என்று ஆயிரம் இருக்கிறது. உங்கள் ஊரின் பழைய புகைப்படம் ஒன்று உரியவர் அனுமதியோடு கிடைத்தால், ஆல்பத்தில் இருக்கிற எந்தப் படத்தையும் அது அடித்துவிடும்.

படி 6: பிரஸ்ஸுக்குப் போகும் முன்

தமிழ் எழுத்துதான் இங்கே வில்லன். பல டிடிபி சென்டர்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில் வேலை நடக்கிறது. நீங்கள் போனில் அனுப்பும் யூனிகோட் எழுத்தை மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், "ஸ்ரீ" உடைந்து நிற்கும். எழுத்துகளைக் கர்வாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி, பிடிஎஃப் வாங்கி, கர்வாக மாற்றிய பிறகு ஒருமுறை படியுங்கள். அதற்கு முன் படித்ததை நம்பவேண்டாம்.

- போன் எண்ணை, பிழை திருத்துபவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்க்கட்டும். மணி அடித்தால்தான் ஓகே.
- அடர்ந்த நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து போட்டால் ண, ஞ, ணை போன்ற சுழி உள்ள எழுத்துகள் அடைத்துப்போகும். பெரிதாகவும் தடிமனாகவும் போடுங்கள்.
- படங்கள் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த லோகோ வேண்டாம், மூலக் கோப்பைத் தேடிப் பிடியுங்கள்.
- திரையில் பார்க்கும் பளீர் பச்சையும் ஊதாவும் தாளில் மங்கும். நிறம் முக்கியமென்றால் திரையைப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் அச்சான மாதிரியைக் கேளுங்கள்.

கடைசியாக, அசல் அளவில் ஒரு பிரிண்ட் எடுத்து உங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டி, இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் தள்ளி நின்று பாருங்கள். காலண்டர் வாழப்போகும் வெளிச்சம் அதுதான்.

படி 7: கைக்கு எப்படி இருக்க வேண்டும்

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்று. ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் இருக்கும். விசிட்டிங் கார்டு 300-க்குக் குறைந்தால் கையில் வளையும், வளைகிற கார்டு கொடுத்தவரையும் கொஞ்சம் வளைத்துக் காட்டும். தினசரிக் காலண்டர் அட்டை தடிமனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் குடித்து முன்பக்கமாக மடங்கும்.

மேட் லேமினேஷன், வெல்வெட் லேமினேஷன், ஸ்பாட் யூவி, எம்பாஸிங், ஃபாயில் என்று அச்சுக்கு மேல் செய்யும் அலங்கார வேலைகளின் மாதிரிகளைப் பிரஸ்காரர் வரிசையாக வைப்பார். ஒன்றை மட்டும் எடுங்கள். என் விருப்பம் எம்பாஸிங்: கடைப் பெயரைத் தடவினால் விரலுக்கு மேடு தெரியும், சூரிய வெளிச்சத்தில் மங்காது. அதற்கான டையை (அழுத்தும் அச்சை) ஒருமுறை செய்துவிட்டால் அடுத்த வருடமும் உதவும். பல ஊர்களில் எம்பாஸிங், டை கட்டிங், நம்பரிங் வேலைகளைப் பழைய லெட்டர்பிரஸ் மெஷின்களில்தான் இன்னும் செய்கிறார்கள். நேரில் போய்ப் பார்த்துப் பேசினால் எது முடியும், எது முடியாது என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

படி 8: பை என்றால்

2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடையில், துணி மாதிரியே இருக்கும் நான்-ஓவன் (நெய்யாத பிளாஸ்டிக் இழை) பையும், பிளாஸ்டிக் பூச்சுள்ள பையும் சேர்க்கப்பட்டன. "இது துணிதான் சார்" என்று விற்க வருவார்கள். ஒரு ஓரத்தைக் கொளுத்திப் பாருங்கள், உருகினால் அது பருத்தித் துணி இல்லை.

2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. அடுத்த வருடம் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. ஒருகாலத்தில் கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு சும்மா கிடைத்த பையை மக்கள் இப்போது காசு போட்டு எடுக்கிறார்கள். உங்களுக்கு இதைவிட நல்ல சமிக்ஞை வேண்டாம்.

காடாத் துணி, ஸ்கிரீன் பிரிண்டிங், ஒரே நிறம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் என்பதால் இரண்டாவது நிறத்திலேயே செலவு ஏறும். மிச்சமாகும் காசைக் கைப்பிடித் தையலில் போடுங்கள். ஐந்து கிலோ அரிசி போட்டு, கைப்பிடியைப் பிடித்து நாலு குலுக்கு குலுக்குங்கள். பை நடுரோட்டில் அறுந்தால், அன்று அந்தத் தெரு முழுக்க உங்கள் கடைப் பெயரைப் படிக்கும். அச்சை இரண்டு பக்கமும் அடியுங்கள். எந்தப் பக்கம் வெளியே தெரியும் என்று தூக்குகிறவர் பார்ப்பதில்லை.

படி 9: கொடுப்பது

பில்லோடு சேர்த்து மேசையில் தள்ளிவிட்டால் அது சரக்கு. முதலாளி எழுந்து, பெயர் சொல்லிக் கொடுத்தால் மரியாதை. சுருட்டிய காலண்டரின் மேல் ஒரு சின்னத் துண்டில் "சரோஜா அக்கா வீட்டுக்கு" என்று பேனாவால் எழுதி ரப்பர் பேண்டில் செருகுங்கள். செலவு எதுவுமில்லை. மொத்த வழிகாட்டியிலும் மிக அதிக பலன் தருகிற வேலை இதுதான் என்பது என் கருத்து.

டிசம்பர் பாதியில் கொடுக்கத் தொடங்கிப் புத்தாண்டுக்குள் முடியுங்கள். முதலில் போய்ச் சேர்ந்த காலண்டருக்கு ஆணி கிடைக்க வாய்ப்பு அதிகம். கடைக்கு வரமுடியாத வயதானவர்களுக்கு டெலிவரிப் பையன் கையில் கொடுத்தனுப்புங்கள். ஆணி அடித்துத் தரட்டுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

படி 10: போனோடு கோர்ப்பது, கணக்குப் பார்ப்பது

காலண்டரின் கீழ்மூலையில் ஒரு க்யூஆர். அதில் ஜிபே க்யூஆரைப் போடாதீர்கள். வங்கிக் கணக்கு மாறினால் வருடம் முழுக்கத் தவறான க்யூஆர் எல்லா வீட்டிலும் தொங்கும். வாட்ஸ்அப் பிசினஸில் முன்கூட்டியே எழுதிய செய்தியோடு ஒரு இணைப்பு உருவாக்கலாம். "காலண்டர் பார்த்து ஆர்டர் செய்கிறேன்" என்று அதில் வைத்தால், எந்த ஆர்டர் எங்கிருந்து வந்தது என்று எண்ணிவிடலாம். இரண்டரை சென்டிமீட்டர் அளவு, சுற்றிலும் வெள்ளை ஓரம், வெள்ளையில் கறுப்பு. அதன் மேல் ஃபாயிலோ பளபளப்போ வந்தால் கேமரா படிக்கத் திணறும்.

தினசரிக் காலண்டரில் இன்னொரு தந்திரம். தேதிக் கட்டில் சித்திரை 1 தாளைத் தூக்கி, அதில் கடை ரப்பர் ஸ்டாம்பைக் குத்துங்கள்: "இந்தத் தாளோடு வந்தால் கால் கிலோ சர்க்கரை இலவசம்." இரண்டு பேர் உட்கார்ந்தால் ஐநூறு காலண்டரை ஒரே மூச்சில் முடிக்கலாம். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அன்று காலை கிழிக்கும்போதுதான் தெரிய வேண்டும். எத்தனை தாள் திரும்பி வருகிறதோ, குறைந்தது அத்தனை வீட்டில் உங்கள் காலண்டர் தொங்குகிறது என்று அர்த்தம்.

செலவை ஒரு பிரதிக்கு என்று பார்க்காமல் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு என்று பாருங்கள். ஒரு காலண்டர் எல்லாம் சேர்த்து 60 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 365 நாளுக்குப் பிரித்தால் நாளுக்குப் பதினாறு காசு. ஆனால் கொடுத்ததில் பாதிதான் மாட்டப்பட்டது என்று ஸ்டாம்ப் தாள் சொன்னால், உண்மைச் செலவு இரண்டு மடங்கு. அப்போது அடுத்த வருடம் எண்ணிக்கையைக் குறைத்து, தரத்தைக் கூட்டுங்கள்.

மீந்துபோன காலண்டர்களை அடுக்கி வைக்காதீர்கள். ஜனவரி முதல் வாரத்திலேயே டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், ரேஷன் கடை, தபால் நிலையம், சலூன் என்று நாலு பேர் காத்திருக்கும் இடங்களில் கேட்டு மாட்டிவிடுங்கள். பொங்கல் தாண்டினால் அதைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளிருக்காது.